அத்தியாயம் 7: எண்ணுக்குச் சாட்சி யார்?

ஆர்ட்டிகிள்ஷிப்பின் முதல் வருடம். மார்ச் 31 ஸ்டாக் எண்ண ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். கையில் கம்பெனி கொடுத்த ஸ்டாக் லிஸ்ட். அதிலிருந்த ஒவ்வொரு லாட்டையும் பஞ்சு கோடவுனில் தேடிப் பிடித்து டிக் அடித்துக்கொண்டே போனேன். பகல் முழுக்க அந்த வேலை. எல்லாம் சரியாக இருந்தது. எனக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் வந்த சீனியர் இரண்டே காரியம் செய்தார். அடுக்கின் முன் வரிசையை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு பேலை இறக்கச் சொன்னார். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே மில் தரையில் கூட்டி அள்ளிய கழிவுப் பஞ்சு. கணக்கில் அது முதல்தரப் பஞ்சின் விலையில் ஏறியிருந்தது. அடுத்து, லிஸ்டை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இப்ப தரையில என்ன கிடக்குதோ அதை எழுதுப்பா. லிஸ்ட்ல இருக்கான்னு அப்புறம் பார்ப்போம்" என்றார். பதினோரு பேல்கள் எந்த லிஸ்டிலும் இல்லை. சரக்கு மார்ச்சிலேயே வந்து இறங்கிவிட்டது. சப்ளையர் பில்லை மட்டும் ஏப்ரலுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கொடுக்க வேண்டிய பாக்கி அந்த அளவுக்குக் குறைந்து தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

தணிக்கையின் பாதிப் பாடம் இதில் வந்துவிட்டது. சொத்து என்று எழுதியிருப்பது நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க ஏட்டிலிருந்து தரைக்குப் போக வேண்டும். கடன் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தரையிலிருந்து ஏட்டுக்கு வர வேண்டும். கணக்கைத் திரிக்க நினைப்பவருக்குச் சொத்தைக் கூட்டிக் காட்டத்தான் கை போகும், கடனைக் குறைத்துக் காட்டத்தான் கை போகும். ஆடிட்டர் அந்தக் கைக்கு எதிர்த்திசையில் நடப்பவர்.

பங்கு வாங்கப்போகும் நீங்கள் கோடவுனுக்குள் போக முடியாது, வங்கிக்குக் கடிதம் போட முடியாது. உங்களிடம் இருப்பதெல்லாம் பங்குச் சந்தைத் தளத்திலிருந்து இறக்கிய ஆண்டறிக்கை, முந்நூறு நானூறு பக்கம். ஆனாலும் ஆடிட்டரின் ஒரு கேள்வியை இரவல் வாங்கலாம்: இந்த எண்ணுக்குச் சாட்சி யார்? கம்பெனி தானே எழுதிக்கொண்ட வவுச்சர் பலவீனமான சாட்சி. வெளியார் எழுதி, கம்பெனி கைவழியாக வந்த காகிதம் அதைவிடப் பரவாயில்லை. வெளியாரிடமிருந்து நேராக வந்த காகிதமே பலமான சாட்சி. லாபம் எவ்வளவு, பி.இ. எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும். சாட்சி இல்லாத லாபத்துக்கு பி.இ. கணக்கிட்டு என்ன பயன்?

பொய்க்கும் இரட்டைப் பதிவு

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டில் எது எது பொய் என்று அவரே வரி வரியாகச் சொன்ன கடிதம். ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. சேர்ந்திருப்பதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் இல்லை. 1,230 கோடி கடன் ஏட்டில் ஏறவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியதாகக் காட்டிய 2,651 கோடியில் 490 கோடி மிகை. கூட்டினால் 7,136 கோடி. முந்தைய நாள் 179 ரூபாய் வாக்கில் இருந்த பங்கு அன்று 40 ரூபாய் அருகே முடிந்தது.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த 7,136 கோடியை. நான் வகுப்பெடுக்கும்போது காட்டுவது அதைவிடச் சின்ன எண் ஒன்றை. செப்டம்பர் 30-ல் முடிந்த காலாண்டுக்கு சத்யம் அறிவித்த வருமானம் 2,700 கோடி, நிஜம் 2,112 கோடி. வித்தியாசம் 588. அறிவித்த இயக்க லாபம் 649 கோடி, நிஜம் 61 கோடி. இங்கும் வித்தியாசம் 588. அந்தக் காலாண்டில் மட்டும் பொய்யாக ஏற்றிய ரொக்க இருப்பு? அதுவும் 588 கோடி.

மூன்று இடத்தில் ஒரே எண் வருவது தற்செயல் இல்லை. போலி பில்லுக்குச் சம்பளம் இல்லை, வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை. அதனால் போலி வருமானம் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் லாபமாக இறங்கும். வரவு வைத்தால் எங்கோ பற்று வைத்தாக வேண்டும், நிஜத்துக்கு இருக்கும் விதிதான் பொய்க்கும். லாப நஷ்டக் கணக்கில் ஒருவர் பொய் சொன்னால் அந்தப் பொய் பேலன்ஸ் ஷீட்டில் ஏதாவது ஒரு சொத்தாகவோ விடுபட்ட கடனாகவோ வந்து உட்கார்ந்தே தீரும். லாப நஷ்டக் கணக்கு ஆண்டு முடிந்ததும் துடைக்கப்பட்டுவிடும். பேலன்ஸ் ஷீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பொய்கள் அங்கே வருடா வருடம் குவிந்துகொண்டே போகும்.

ஆகவே முதல் வேலை, ஐந்து வருட பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விற்பனையைவிட வேகமாக வீங்கிய சொத்து எது என்று பார்ப்பது. பெரும்பாலும் அது வரவேண்டிய பாக்கியாக இருக்கும். இல்லையென்றால் சரக்கு. இல்லையென்றால் ஐந்தாறு வருடமாகக் கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ஆலை, அதாவது முடிவடையாத மூலதனப் பணி. துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடன், முன்பணம், நிலம் வாங்க அட்வான்ஸ் என்று பெயர் பலவாறாக இருக்கும். அபூர்வமாக, சத்யத்தில் போல, ரொக்கமே.

பணம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி

லாபம் பணமாக வருகிறதா என்று பார், இயக்கப் பணவரவை லாபத்தோடு ஒப்பிடு என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நல்ல சோதனைதான், நானும் செய்கிறேன். ஆனால் சத்யம் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். பொய்யை அவர்கள் பாக்கியில் நிறுத்தாமல் வங்கி இருப்பு வரை கொண்டுபோய்விட்டார்கள். வங்கி இருப்பே பொய் என்றால் பணவரவுக் கணக்கும் அழகாகவே இருக்கும். பணவரவுப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சத்யத்தில் ஆடிட்டர் எங்கே சறுக்கினார்? வங்கி இருப்பைத் தணிக்கை செய்யும் முறை எளியது. ஆடிட்டரே வங்கிக்குக் கடிதம் அனுப்புவார், வங்கி நேராக ஆடிட்டருக்குப் பதில் போடும். கம்பெனி ஆள் கை நடுவில் படக்கூடாது. எங்கள் ஆபீசில் கவர் ஒட்டித் தபால்பெட்டியில் போடும் வேலைகூட ஆர்ட்டிகிள்ஸ் பையன்களுடையதுதான். பட்டம் படித்துவிட்டு ஸ்டாம்ப் ஒட்டுகிறோமே என்று அப்போது நொந்துகொண்டது உண்டு. சத்யம் தணிக்கையில் அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பதுதான் 2011-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கமைப்பு ஆணையம் ப்ரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள்மீது வைத்த முக்கியக் குற்றச்சாட்டு.

உலகம் பாடம் கற்றுக்கொண்டதா என்றால், பதினோரு வருடம் கழித்து ஜெர்மனியில் அதே கதை. வயர்கார்டு என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸில் அறங்காவலர் கணக்குகளில் இருப்பதாகச் சொன்னது. 2020 ஜூனில் அங்குள்ள இரண்டு வங்கிகளும் அப்படி ஒரு கணக்கே தங்களிடம் இல்லை, காட்டிய காகிதம் போலி என்றன. அடுத்த சில நாளில் கம்பெனி திவாலுக்கு விண்ணப்பித்தது.

உங்களால் வங்கியைக் கேட்க முடியாது. ஆனால் ரொக்கத்துக்கு மறைமுகச் சாட்சிகள் உண்டு. முதல் சாட்சி வட்டி. ஒரு கற்பனைக் கணக்கு: ஆண்டு தொடக்கத்தில் வங்கி இருப்பும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் சேர்ந்து 600 கோடி, முடிவில் 800 கோடி. சராசரி 700. இதர வருமானம் குறிப்பில் டெபாசிட் வட்டி 14 கோடி. அதாவது இரண்டு சதவீதம். வங்கிகள் ஆறரை சதவீதம் கொடுக்கும் ஆண்டில் 45 கோடி வந்திருக்க வேண்டும். மீதி எங்கே? பணம் கரண்ட் அக்கவுண்டில் சும்மா கிடந்திருக்கலாம். வெளிநாட்டுக் கிளைகளில் குறைந்த வட்டிக்கு இருந்திருக்கலாம். மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் வந்து ஏப்ரலில் வெளியேறிய பணமாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் அந்த 800 கோடியை உங்கள் மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள். வட்டி ஏட்டில் மட்டும் சேர்ந்துகொண்டே போய்க் கைக்கு வராமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சத்யத்தின் 376 கோடி அந்த வகைதான்.

இரண்டாவது சாட்சி, பணம் இருப்பவர் நடந்துகொள்ளும் விதம். பெட்டி நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு பத்து வட்டிக்கு யாராவது கடன் வாங்குவார்களா? காரணம் இருக்கலாம், கேளுங்கள். 2019 ஜூனில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்ற பழம்பெரும் பயண நிறுவனம் குறுகிய காலக் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்ட முடியாமல் தவறியபோது, அதன் ஏட்டில் ரொக்கம் ஏராளமாகவே காட்டப்பட்டிருந்தது.

மூன்றாவது சாட்சி டிவிடெண்டும் வரியும். இவை கம்பெனியை விட்டு வெளியே போகும் பணம், வெளியார் கையில் விழுந்தாக வேண்டியவை. லாப நஷ்டக் கணக்கில் காட்டிய ஐந்து வருட வரியைக் கூட்டுங்கள். பணவரவுப் பட்டியலில் நிஜமாகக் கட்டிய ஐந்து வருட வரியைக் கூட்டுங்கள். இரண்டும் பெரிதாக விலகினால் காரணம் வரிக் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லாத லாபத்துக்கும் வரி கட்டி நாடகத்தை நடத்தியவர்கள் உண்டு என்பதால் இதை முழுச் சாட்சியாக எடுக்காதீர்கள், அரைச் சாட்சி.

பாக்கி சொல்லும் கதை

பெரிய மோசடி அபூர்வம். நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போவது அடுத்த வருட விற்பனையை இந்த வருடத்துக்கு இழுத்து வரும் சின்னத் தில்லுமுல்லைத்தான். மார்ச் கடைசி வாரத்தில் டீலர் கோடவுனில் சரக்கைத் தள்ளிவிட்டு, "பணம் ஆகஸ்டுல குடுங்க அண்ணாச்சி, விக்கலேன்னா திருப்பி எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் விற்பனை ஏறிவிடும். கணக்கியல் விதிப்படி இப்படித் திரும்பி வரக்கூடிய சரக்கை முழு விற்பனையாகக் காட்டக் கூடாது. ஆனால் அந்த வாய்வார்த்தை எந்தக் காகிதத்திலும் இருக்காது.

கோவையில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம், நான் கட்டிய உதாரணம். சென்ற வருட விற்பனை 400 கோடி, இந்த வருடம் 520 கோடி. முப்பது சதவீத வளர்ச்சி, பத்திரிகைகளில் பாராட்டு. வரவேண்டிய பாக்கி 80 கோடியிலிருந்து 156 கோடி. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், சென்ற வருடம் 73 நாள், இந்த வருடம் 109 நாள். பழைய 73 நாளே நீடித்திருந்தால் பாக்கி 104 கோடியில் நின்றிருக்கும். கூடுதலாக நிற்பது 52 கோடி. வளர்ச்சி என்று கொண்டாடிய 120 கோடியில் 52 கோடி யாரோ ஒரு டீலரின் வாக்குறுதி மட்டுமே.

இந்தக் கணக்கில் ஒரு சிறு நெருடல் உண்டு. பாக்கியில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், விற்பனையில் சேர்ந்திருக்காது. ஆகவே 73 என்பதே கொஞ்சம் மிகை. வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது அது பொருட்டல்ல. ஆனால் ஏற்றுமதி அதிகமுள்ள கம்பெனியையும் உள்நாட்டு விற்பனை மட்டுமே உள்ள கம்பெனியையும் பக்கத்தில் வைக்கும்போது இதை மறந்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

அடுத்து பாக்கியின் வயது. 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு, மூன்று, அதற்கு மேல் என்று. வழக்கில் இருப்பதும் இல்லாததும் தனித்தனி வரிசை. ஆண்டறிக்கையில் மிகக் குறைவானவர்கள் படிக்கும், மிக அதிகம் பேசும் அட்டவணை இதுதான் என்பேன். சென்ற வருடம் ஆறு மாதத்துக்குள் என்ற கட்டத்தில் இருந்த தொகை இந்த வருடம் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தது என்று பாருங்கள். சென்ற மார்ச்சில் புதிதாய் இருந்த பாக்கி இந்த மார்ச்சில் ஒரு வருடக் கட்டத்தில் முதுமையடைந்து உட்கார்ந்திருந்தால், அந்த விற்பனையே நடந்ததா என்பது கேள்வி. அதற்கு எதிராக வாராக்கடன் ஒதுக்கீடு கூடாமல் இருந்தால் கேள்வி இரட்டிப்பாகிறது.

உடனே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசாங்கத்துக்கும் மின்வாரியத்துக்கும் சப்ளை செய்கிறவருக்கு இருநூறு நாள் பாக்கி சகஜம். சந்தேகம் என்பது கேள்வி கேட்கும் உரிமை, அதுவே தீர்ப்பாகாது. அதே தொழிலில் உள்ள மற்ற மூன்று கம்பெனிகளின் நாள்கணக்கைப் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தானே அடங்கிவிடும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தச் சோதனைகள் எதுவும் பொருந்தாது. அங்கே கடனே சரக்கு. அதற்கு வேறு அத்தியாயம்.

எழுதாமல் விட்ட கடன்

இருப்பதாகச் சொல்லும் சொத்தைத் தேடுவது எளிது. எழுதாமலே விட்ட கடனை எப்படித் தேடுவது? ஸ்டாக் லிஸ்டை மடித்துப் பையில் வைத்த அந்த சீனியரின் வழியில்தான். கம்பெனி என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, இந்தத் தொழிலுக்கு என்னென்ன கடன் இருந்தாக வேண்டும் என்று யோசியுங்கள்.

நிதிச் செலவைச் சராசரிக் கடனால் வகுத்தால் என்ன வருகிறது? ஊரெல்லாம் பத்து சதவீதத்துக்குக் கடன் வாங்கும்போது இந்தக் கம்பெனி மட்டும் பதினெட்டு சதவீத வட்டி கட்டியதுபோல வந்தால், வருடம் முழுக்க இருந்த கடனை மார்ச் 31-க்கு மட்டும் அடைத்துக் காட்டியிருக்கலாம். செப்டம்பர் பேலன்ஸ் ஷீட் அரையாண்டு முடிவுகளோடு வரும், அதில் கடன் எவ்வளவு என்று பாருங்கள். சப்ளையர் பாக்கி நாள் திடீரென்று நீண்டால் அது பேரம் பேசும் திறமையா, பணத் தட்டுப்பாடா? குத்துமதிப்பாகச் சொன்னால், கடன் தவணை தவறுவதற்கு முன் தவறுவது சப்ளையர் தவணைதான். பிறகு நிகழக்கூடும் பொறுப்புகள் என்ற குறிப்பு. மற்ற குழும நிறுவனங்களின் கடனுக்குக் கொடுத்த ஜாமீன் அங்கேதான் பதுங்கியிருக்கும். அந்தத் தொகை நிகர மதிப்பில் பாதியைத் தாண்டினால் நான் அந்த ஆண்டறிக்கையை மூடிவிடுவேன். இது சட்டமல்ல, என் பழக்கம்.

ஆடிட்டர் அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

தணிக்கை அறிக்கையில் எல்லோரும் முதல் பத்தியைப் பார்த்துவிட்டு, உண்மையான, நியாயமான தோற்றம் என்ற வாசகம் இருக்கிறதா என்று சரிபார்த்து மூடிவிடுகிறார்கள். சத்யத்துக்கும் வருடா வருடம் அந்த வாசகம் கிடைத்தது. 2008 செப்டம்பரில் நிறுவன நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதுகூடக் கிடைத்தது, பின்னால் பறித்துக்கொண்டார்கள்.

நான் இணைப்பிலிருந்து தொடங்குவேன். காரோ 2020 என்று தணிக்கையாளர்கள் அழைக்கும் உத்தரவின்படி வரும் அந்த இணைப்பு கேள்வி பதில் மாதிரி இருக்கும், சுற்றி வளைக்க இடம் குறைவு. சரக்கையும் பாக்கியையும் அடமானம் வைத்து 5 கோடிக்கு மேல் வங்கியிடம் நடைமுறை மூலதனக் கடன் வாங்கிய கம்பெனி, காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் அதன் ஏட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் அங்கே சொல்லியாக வேண்டும். வங்கியிடம் ஒரு கணக்கு, பங்குதாரரிடம் ஒரு கணக்கு என்றால் இரண்டில் ஒன்று பொய். நான்கு காலாண்டும் ஒரே திசையில் வித்தியாசம் வந்தால் அது எழுத்துப் பிழை அல்ல. பத்திரம் கம்பெனி பெயரில் இல்லாத நிலம், பி.எஃப். கட்டாத மாதங்கள், குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட கால முதலீட்டில் போட்டது, ஆண்டு நடுவில் விலகிய ஆடிட்டர் சொன்ன காரணம் எல்லாம் இதே இணைப்பில் வரும்.

இணைப்புக்கு மேலே சட்டப்பூர்வத் தேவைகள் பகுதியில் கணக்கு மென்பொருளின் திருத்தத் தடம் பற்றி ஒரு பத்தி இருக்கும். 2023 ஏப்ரல் முதல் வந்த விதி: யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். சத்யத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி பில்கள் கணினியில் ஏறியிருந்தன, தனி அதிகாரமுள்ள ஒரு பயனர் கணக்கு வழியாக அவை மற்றவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டிருந்தன. அதை நினைத்துக்கொண்டு இந்தப் பத்தியைப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். தரவுத்தள அளவில் தடம் இயக்கப்படவில்லை என்ற வாசகம் நல்ல கம்பெனிகளின் அறிக்கையிலும் வருகிறது, அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வருடமாகியும் அதே வாசகம் நீடித்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே பிற விஷயங்கள் என்ற தலைப்பு. இன்னின்ன துணை நிறுவனங்களை நாங்கள் தணிக்கை செய்யவில்லை, அவற்றின் சொத்து இத்தனை கோடி, வருமானம் இத்தனை கோடி என்று முதன்மை ஆடிட்டர் எழுதியிருப்பார். குழும லாபத்தில் பெரும்பகுதி, பெயரே கேள்விப்படாத ஓர் ஆடிட்டர் கையெழுத்திட்ட வெளிநாட்டுத் துணை நிறுவனத்திலிருந்து வந்தால், நீங்கள் நம்புவது முன்பக்கத்தில் இருக்கும் பெரிய பெயரை அல்ல, அந்தத் தெரியாத கையெழுத்தை.

முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதி 2018-19 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளுக்குக் கட்டாயம். பாதிக்கு மேல் அச்சடித்த வாசகம்தான், வேகமாகத் தாண்டிப் போகலாம். சென்ற வருடம் இல்லாமல் இந்த வருடம் புதிதாக முளைத்தது எது என்பதை மட்டும் பாருங்கள். தகுதி வரம்புடன் கூடிய கருத்து, பாதகக் கருத்து, கருத்துக் கூற மறுப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் விஷயம் கைமீறிவிட்டது. அதற்குள் பங்கு விலையும் விழுந்திருக்கும்.

அதற்கு முன் வரும் அறிகுறி ஆடிட்டர் விலகல். 2018 மே மாதம் வதோதராவின் மன்பசந்த் பெவரேஜஸ் ஆண்டு முடிவுகளை அறிவிக்கச் சில நாளே இருந்தபோது டெலாய்ட் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ் விலகியது, கேட்ட தகவல் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னது. மறுபடி பங்குச் சந்தை திறந்ததும் விலை சரிய ஆரம்பித்தது. கணக்கை முடிக்கும் நேரத்தில் ஆடிட்டர் ஓடுவதைத் தடுக்க 2019 அக்டோபரில் செபி ஒரு சுற்றறிக்கை போட்டது: காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் விலகுபவர் அந்தக் காலாண்டு அறிக்கையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பத்து வருடம் முடிந்து சட்டப்படி மாறும் ஆடிட்டர் வேறு, பதவிக் காலம் நடுவில் சொந்தக் காரணத்தால் போகும் ஆடிட்டர் வேறு. முதலாவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டாவதில், விலகல் கடிதத்தைப் பங்குச் சந்தைத் தளத்தில் தேடி வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

வீட்டுக்காரர் நடத்தை

தணிக்கைத் திட்டம் போடும்போது நாங்கள் முதலில் எண்ணைப் பார்க்க மாட்டோம். திரிக்க வேண்டிய நெருக்கடி யாருக்கு இருக்கிறது, திரிக்க வசதி யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். சத்யத்தில் இது வெளியே தெரிந்தது. நிறுவனர் குடும்பத்தின் பங்கு கால்வாசியிலிருந்து சில ஆண்டுகளில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. கம்பெனி அவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் விற்கிறார்கள்? 2008 டிசம்பர் 16 அன்று 160 கோடி டாலர் கொடுத்து மேட்டாஸ் என்ற பெயருள்ள இரண்டு கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவிப்பு. மென்பொருள் கம்பெனிக்கு ரியல் எஸ்டேட்டும் கட்டுமானமும் எதற்கு? மேட்டாஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் சத்யம். ராஜு குடும்பக் கம்பெனிகள். இல்லாத பணத்தைக் கொடுத்துச் சொந்தக் குடும்பத்தின் சொத்தை வாங்கிவிட்டால் ஏட்டில் உள்ள ஓட்டை அடைபட்டிருக்கும். முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார்கள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

நிறுவனர் குடும்பம் தன் பங்கை அடகு வைத்திருந்த விஷயம் அப்போது சாதாரண முதலீட்டாளருக்குத் தெரிய வழியில்லை. சத்யத்துக்குப் பிறகு, அதே 2009 ஜனவரியில், அடகை வெளியிடுவதை செபி கட்டாயமாக்கியது. இன்று ஒவ்வொரு காலாண்டும் பங்குடைமைப் பட்டியலில் அது தனி வரிசை. உறவுடைய தரப்பினர் பரிவர்த்தனைக் குறிப்பை அதோடு சேர்த்துப் படியுங்கள். தொகையைவிடத் திசை முக்கியம்: பணம் குடும்பத்திலிருந்து கம்பெனிக்கு வருகிறதா, கம்பெனியிலிருந்து குடும்பத்துக்குப் போகிறதா?

கேட்டு எழுதுவது

எங்கள் தொழிலில் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தாள் உண்டு: எண், எழுந்த கேள்வி, யாரிடம் கேட்டது, வந்த பதில், பதிலுக்குச் சாட்சி. நீங்களும் ஒரு கம்பெனிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு இதே ஐந்து பத்தியை வரைந்துகொள்ளலாம். ஒரு பங்கு வைத்திருந்தாலும் கம்பெனி செக்ரட்டரிக்கு எழுதலாம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். கூட்டம் இப்போது பெரும்பாலும் காணொளியில் நடப்பதால் பேச முன்பதிவு செய்ய வேண்டும், கடைசித் தேதி கூட்ட அழைப்பில் இருக்கும். கேள்வி சுருக்கமாக, பக்க எண்ணோடு இருக்கட்டும். நம் பம்ப் கம்பெனிக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஆண்டறிக்கை பக்கம் 187, குறிப்பு 11. வரவேண்டிய பாக்கி 80 கோடியிலிருந்து 156 கோடியாக உயர்ந்துள்ளது. இதில் 2024 மார்ச் மாத விற்பனைக்கு உரியது எவ்வளவு? ஜூன் 30 வரை அதில் எவ்வளவு வசூலாகியுள்ளது? டீலர்களுக்கான கடன் தவணை இந்த ஆண்டு மாற்றப்பட்டதா?"

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். ஆண்டு முடிந்த பிறகு வந்த வசூலைப் பார்ப்பது, பாக்கிக்கு ஆடிட்டர்கள் தேடும் மிகப் பலமான சாட்சிகளில் ஒன்று. 156 கோடியில் 140 கோடி ஜூனுக்குள் வசூலாகிவிட்டது என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். செப்டம்பர் பேலன்ஸ் ஷீட் வந்ததும் அந்தப் பதிலையே ஒருமுறை சரிபார்த்தால் போதும். எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் நம்பகமானவர்கள், சந்தையில் தேவை வலுவாக உள்ளது என்று பதில் வந்தால், ஐந்தாவது பத்தியில் "சாட்சி இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, அடுத்த கம்பெனியின் நோட்டை எடுங்கள்.